மஸ்தூரா சொல்லாமல் விட்டது

எங்கள் ஆய்வுக் கட்டடத்தில் மஸ்தூராவுக்குப் 'பம்பு மாமியார்' என்று பெயர். அதை முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் அவளோடு வேலை பார்க்கும் பஹ்ரோம் ஒருவனுக்குத்தான் இருந்தது. அவளும் அவனைக் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூர அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

நான் கீழ்த்தளத்தில் சாயப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அவள் மாடியில் பட்டுப் பிரிவு. இருவருக்கும் வீடு மர்கிலானில், வேலை பெர்கானாவில். காலையில் சந்தை முனையில் நின்று தமாஸ் வேனில் ஏறி, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போவோம். அந்த வேனில்தான் அவள் தன் வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குச் சொன்னாள். அவளுடைய அம்மா பட்டாலையில் கூடு அவிக்கிறவளாக இருந்தாள். மஸ்தூரா வேதித் தொழில்நுட்பம் படித்து, எல்லாப் பாடத்திலும் முதல் தரம் வாங்கி, சிவப்பு டிப்ளமாவோடு வெளியே வந்தவள். கணவன் தோல்கின் வீடு வீடாகப் போய் எரிவாயு அடுப்புகளையும் கணப்புகளையும் பழுது பார்க்கிறவன். குளிர்காலத்தில் அவனைக் கண்ணில் பார்ப்பதே அரிது. வீட்டில் மாமியார், ஒரு மகள். இவர்களுக்கு வெளியே அவளுக்கு என்று இருந்தது அந்தப் பம்பு ஒன்றுதான்.

சிரிஞ்சு பம்பு பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. செங்கல்லைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. அதன் முதுகில் ஊசி போடுகிற சிரிஞ்சு ஒன்று படுத்திருக்கும். உள்ளே ஒரு திருகு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்று சிரிஞ்சின் தண்டைத் தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும், என்ன வேகத்தில், எப்போது நிற்க வேண்டும், எப்போது பின்னால் இழுக்க வேண்டும் என்பதையெல்லாம் வரிவரியாக அதன் நினைவில் ஏற்றிவிட்டால், ஆள் பக்கத்தில் இல்லாமலே அது அந்த வரிகளை வரிசையாகச் செய்துகொண்டிருக்கும்.

ஆலையில் கழித்துப் போடும் பட்டுக்கூடுகளை அவித்து, பசை நீக்கி, அமிலத்தில் கரைத்தால் தேன்போல ஒரு கரைசல் கிடைக்கும். பம்பு அதை ஊசிமுனைக்குத் தள்ளும். ஊசியில் பாய்கிற உயர் மின்னழுத்தம் அந்தத் துளியைப் பிடித்து இழுத்து, சிலந்தி நூலைவிட மெல்லிய இழையாக்கி, எதிரே உள்ள தகட்டில் வீசும். இழைமேல் இழை படிந்து கடைசியில் வெள்ளையாக ஒரு படலம் உரிந்து வரும். தீக்காயத்தின்மேல் போட்டால் தோல் வளரும்வரை காக்கும். அதுதான் பட்டுப் பிரிவின் ஆராய்ச்சி.

கேட்கச் சுலபம். ஆனால் பட்டு ஊசிமுனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். வேகத்தைக் கூட்டினால் இழை போய்ச் சொட்டு விழும். குறைத்தால் அடைப்பு. இரண்டு குளிர்காலம் அதோடு மல்லுக்கட்டி மஸ்தூரா ஒரு வரிசையை உண்டாக்கினாள். முதல் வரியில் பம்பு குப்பியிலிருந்து கரைசலை இழுத்து நிரப்பிக்கொள்ளும், இரண்டாவதில் நிற்கும். கையால் திருகுக் குழாயை ஊசிப் பக்கம் திருப்பிவிட்டுப் பொத்தானை அமுக்கினால் மெதுவாகத் தள்ளத் தொடங்கும். இடையிடையே ஒரு சின்னத் துரிதத் தள்ளல், அடைப்பை உடைக்க. உடனே மறுபடி மெதுவாக. தகடு மாற்றுவதற்கு முன் இம்மியளவு பின்னிழுப்பு, சொட்டாமல் இருக்க. பிறகு தானே மூன்றாவது வரிக்குத் திரும்பி அதையே சுற்றிச் சுற்றிச் செய்யும். அவளுடைய படலத்தில் ஒரு புள்ளி இருக்காது.

அந்த வரிசையை அவள் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. யாராவது எட்டிப் பார்த்தால் முதுகைத் திரைக்குக் குறுக்கே வைத்து நிற்பாள். பஹ்ரோம் ஒருமுறை கேட்டதற்கு, "நீ ஒரு தடவை தொட்டா நான் வாரம் பூரா கழுவணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பிரிவின் தலைவர் இபாதுல்லாவை நாங்கள் எல்லாரும் தோம்லா, அதாவது ஆசிரியர், என்று மரியாதையாக அழைப்போம். அவரும் அவளை அப்படியே விட்டிருந்தார். படலம் வருகிறதே, போதாதா?

அப்போதுதான் நோதிரா வந்தாள். கொரியாவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியவள், முப்பதுகூட ஆகவில்லை. கூட்டுத் திட்டத்தில் வந்த புதுப் பம்பு ஒன்றும் அவளோடு வந்தது. பெட்டியைப் பிரித்த அன்று பஹ்ரோம் தேநீர்க் கோப்பையோடு வாசலில் சாய்ந்து நின்றான்.

"மஸ்தூராக்கா, உங்க பம்புக்கு மருமக வந்தாச்சு. இனிமே சாவிக்கொத்தைக் குடுத்துட்டு மூலையில உக்கார வேண்டியதுதான்."

"மருமக முதல்ல பாத்திரம் கழுவட்டும்," என்றாள் மஸ்தூரா. எல்லாரும் சிரித்தார்கள். நோதிராவும் சிரித்துவிட்டு, உண்மையாகவே கை நீட்டி அழுக்குக் குடுவைகளை எடுத்துப் போய்க் கழுவி வைத்தாள். அது மஸ்தூராவுக்கு எரிச்சலாக இருந்தது என்று மாலை வேனில் சொன்னாள். பதிலுக்குப் பதில் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இப்படிப் பணிந்து போகிறவளை என்ன செய்வது?

ஜனவரியில் தாஷ்கண்டிலிருந்து ஒரு பெரிய மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்காரர்கள் படலத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் நோயாளிகளிடம் வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்வார்கள். தோம்லா செயல்முறை காட்டும் பொறுப்பை நோதிராவிடம் கொடுத்தார், புதுப் பம்பில். மஸ்தூரா தன் வரிசையை அதில் ஏற்றி, நோதிராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதை அவர் மஸ்தூராவை உட்கார வைத்துச் சொல்லவில்லை. நடைபாதையில், ரொட்டிக்காரரிடம் சில்லறை வாங்கிக்கொண்டே சொன்னார்.

"நோதிரா நாலு பேர் முன்னாடி நல்லா பேசுவா மஸ்தூராஹான். நீங்க போன தடவ அமைச்சகத்துலேருந்து வந்தவர்கிட்ட, தகட்டுமேல மூச்சு விடாதீங்கன்னு சொல்லிட்டீங்க."

ரொட்டிக்காரர் காதில் விழ இது நடந்ததுதான் அவளை ரொம்பச் சுட்டது.

கற்றுக்கொடுத்தாள். அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது, எந்த எண்ணைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வரிசையாகச் சொன்னாள். நோதிரா சட்டென்று பிடித்துக்கொண்டாள். அவள் கேட்ட கேள்விகள் மஸ்தூரா தானே கேட்டுக்கொண்ட கேள்விகளாக இருந்தன. பின்னிழுப்புக்கு அப்புறம் ஒரு நொடி நிறுத்தம் வைத்தால் துளி இன்னும் அடங்குமே என்றாள். வைத்துப் பார்த்தார்கள், அடங்கியது. தன் வரிசையை இன்னொருத்தி ஒரே நாளில் மேலும் அழகாக்கியதை மஸ்தூரா பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. குளிர்காலத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் கண் சிமிட்டும். போகும், உடனே வரும். அப்போது பம்பு என்ன செய்ய வேண்டும் என்று உள்ளே ஒரு அமைப்பு இருக்கிறது. பழைய பம்பில் மஸ்தூரா அதை எப்போதோ மாற்றி வைத்திருந்தாள்: மின்சாரம் திரும்பினால் சும்மா நில், நான் சொன்ன பிறகு தொடங்கு. மாற்றாவிட்டால் பம்பு தானாக வரிசையின் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும். முதல் வரி இழுப்பது. திருகுக் குழாய் ஊசிப் பக்கம் திரும்பியிருக்கும்போது இழுத்தால் ஊசி வழியாகக் காற்றுதான் உள்ளே போகும். புதுப் பம்பில் அந்த அமைப்பு, தயாரித்த இடத்திலிருந்து வந்தபடியே மாற்றாமல் இருந்தது.

கடைசிப் பாடம் முடிந்ததும் நோதிரா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்கணுமாக்கா?"

மஸ்தூராவுக்கு அந்த அமைப்பு அந்தக் கணத்தில் ஞாபகம் வந்தது. திரையில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுகூடக் கண்ணில் தெரிந்ததாம். 

"இல்ல. அவ்வளவுதான்," என்றாள்.

மறுநாள் காலை வேனில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். குளிர் என்று நினைத்தேன். ஆய்வகத்துக்குப் போனபோது நோதிரா தன் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாளாம். பம்பு தனியாக மேசைமேல் இருந்தது. இரண்டு பொத்தான் அமுக்கினால் போதும். மஸ்தூரா தேநீர் போடப் போய்விட்டாள். மின்சாரம் போகாமலும் இருக்கலாம் அல்லவா என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

விருந்தினர்கள் வந்தார்கள். நாங்களும் கீழிருந்து ஏறிப்போய்ச் சுவரோரம் நின்றோம். தீக்காயப் பிரிவின் தலைமை மருத்துவர் மவ்ஜூதா என்ற பெரிய பெண்மணி, மேலங்கியைக் கழற்றாமலே தகட்டுக்கு அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நோதிரா அழகாகப் பேசினாள். இழை விழத் தொடங்கியது. தகட்டில் பனி படிவதுபோல வெண்மை பரவியது. தோம்லா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததே இல்லை.

விளக்கு அணைந்தது. அணைந்த வேகத்தில் எரிந்தது. யாரோ 'கரண்டு' என்று முணுமுணுத்தார்கள். நோதிரா பதறவில்லை. மின்னழுத்தப் பெட்டியை மறுபடி முடுக்கினாள். அதற்குள் பம்பு தானாகவே இழுத்து, சிரிஞ்சு பூராவும் குமிழி. அது நின்றதைப் பார்த்து, தொடர்வதற்காகத்தான் நிற்கிறது என்று நினைத்துப் பொத்தானை அமுக்கினாள். ஊசி துப்பத் தொடங்கியது. வெள்ளைப் படலத்தின்மேல் மஞ்சள் சொட்டுகள் விழுந்து, விழுந்த இடமெல்லாம் ஓட்டையானது. ஒரு சொட்டு மருத்துவரின் சப்பாத்துக்கு அருகில் தெறித்தது.

நோதிராவின் காது மடல்கள் சிவந்ததைப் பின்னாலிருந்த நானே பார்த்தேன். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் தவறாகிவிடுமோ என்று அவள் கையைத் தூக்கியபடியே நின்றாள்.

"மஸ்தூராஹான்," என்றார் தோம்லா.

மஸ்தூரா போனாள். சிரிஞ்சைக் கழற்றிக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, புதுத் தகடு வைத்து, நடுவரியிலிருந்து ஓட விட்டாள். போகிற போக்கில் அந்த அமைப்பையும் மாற்றினாள். யாரும் கவனிக்கவில்லை. இழை மறுபடி விழுந்தது. மவ்ஜூதா எழுந்து வந்து அவள் தோளைத் தட்டி, எங்க மருத்துவமனைக்கு வந்து இதை அமைச்சுக் குடுக்க இந்தப் பொண்ணுதான் வேணும் என்றார்.

தோம்லாவுக்கு அவமானம் உள்ளே எரிந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அதை எங்காவது கொட்ட வேண்டியிருந்தது.

"கொரியாவுல கரண்டே போகாது போல. அதான் பாப்பாவுக்குத் தெரியல," என்றார்.

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மஸ்தூராவும் சிரித்தாள். பின்னாளில் அவள் எனக்கு இதையெல்லாம் சொன்னபோது, சொல்லாமல் விட்டதைக்கூட ஒருமாதிரி சொல்லி முடித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு வந்த இடத்தில்தான் நிறுத்தி, சாலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. கரண்டுமேல் பழி விழுந்தது, கொஞ்சம் நோதிராமேல். மஸ்தூராவை மாதம் ஒருமுறை தாஷ்கண்டுக்கு அனுப்புவதாக முடிவானது. மருத்துவமனையே ரயில் செலவைக் கொடுத்தது. திட்ட அறிக்கையில் அவள் பெயர் தோம்லா பெயருக்கு அடுத்து வந்தது. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கம்பக்கத்தையும் ஆய்வகத்தாரையும் கூப்பிட்டு ஓஷ் விருந்து வைத்தாள். தோல்கின் முற்றத்தில் கொப்பரை ஏற்றி, கேரட்டும் ஆட்டுக்கறியும் போட்டு அரிசியை அவனே கிண்டினான். பெண்கள் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, பம்புக்கு மாமியார் இப்போது தாஷ்கண்டுக்கும் மாமியார் ஆகிவிட்டாள் என்று கேலி செய்தோம். மஸ்தூரா ஒரு பிடி சோற்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். நான் அதை அடக்கம் என்று நினைத்தேன்.

நோதிராவும் வந்திருந்தாள். கேக்கும், அட்ரஸ் என்கிற எங்கள் ஊர்ப் பட்டுத் துணி ஒரு சட்டைக்கு ஆகும் அளவும் கொண்டுவந்தாள். சாப்பிட்டதும், வயதில் சின்னவள் என்ற முறையில் சமையலறைக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள். மஸ்தூரா தடுக்கப் போனாள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை, ஒரு வருஷம் கழித்துத்தான் கேட்டேன். கேட்டபடி சொல்கிறேன்.

நோதிரா தண்ணீரை மூடிவிட்டு, ஒரு கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்கு சாயங்காலமே கையேட்டை எடுத்துப் பாத்தேன்கா. கரண்ட் வந்தா என்ன செய்யணும்னு ஒரு அமைப்பு இருக்கு. பழைய பம்புலயும் போய்ப் பாத்தேன். அதுல நீங்க மாத்தி வச்சிருக்கீங்க."

உள்ளே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சொல்ல மறந்துட்டீங்க, இல்லக்கா?"

அவள் குரலில் குத்தல் இல்லை என்றாள் மஸ்தூரா. கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. கிண்ணத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. மறந்தே போச்சு. வயசாகுதுல்ல," என்று மஸ்தூரா சிரிக்க முயன்றாள்.

நோதிரா தலையசைத்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். தேநீர்ப் பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெரியவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

அதன்பின் மஸ்தூரா மாறிப்போனாள். வருகிற போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வைத்து வரிசையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். பஹ்ரோமுக்குக் கற்றுக்கொடுத்தாள். கண்ணாடி கழுவுகிற பெண்ணுக்குக்கூடக் கற்றுக்கொடுத்தாள். பாடம் எதுவானாலும் மின்சாரத்தில்தான் ஆரம்பிப்பாள். "அக்கா, கரண்ட் கதையை எத்தனை தடவக்கா கேக்கறது, நாங்க என்ன கொரியாவுலேருந்தா வந்திருக்கோம்?" என்று பஹ்ரோம் அலுத்துக்கொண்டபோது அவள் முகம் வெளுத்தது. அவன் ஏதோ விளையாட்டாகச் சொன்னதுதான். அவள் கையுறையைப் போட்டது போட்டபடி கழிவறைக்குப் போய் நெடுநேரம் வரவில்லை.

நோதிரா அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. காலையில் வணக்கம் சொல்லுவாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். புதிதாகக் கேள்வி மட்டும் கேட்பதில்லை. வசந்தம் முடிவதற்குள் நமங்கானில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். தோம்லா ஒரு வார்த்தை இரு என்று சொல்லவில்லை. அவள் போன அன்று மஸ்தூரா தாஷ்கண்டில் இருந்தாள். வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்துகொண்டதாக என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

தாஷ்கண்டில் படலம் நன்றாகவே வேலை செய்தது. கணப்பு வெடித்துக் கை வெந்துபோன ஒரு பெண்ணுக்குத் தோல் பிடித்துவிட்டது. அந்தப் பெண்ணின் தாய் மஸ்தூராவைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டு, இந்தக் கை செய்ததாமே என்று அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மஸ்தூரா கையை உருவிக்கொண்டாள். படலத்தில் துளி அடங்கிய அந்த ஒரு நொடி நிறுத்தம் நோதிரா வைத்தது. அதை யாரிடம் சொல்வது? அன்று ரயிலில் பக்கத்து இருக்கைக்காரி நீட்டிய சோம்சாப் பலகாரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாளாம்.

அடுத்த குளிர்காலத்தில் அவள் தோம்லாவின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அன்று நடந்தது கரண்டினால் மட்டும் இல்லை, எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்றாள். தோம்லா மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார், மறுபடி கலைத்தார்.

"முடிஞ்சு போன விஷயம் மஸ்தூராஹான். ஆறின புண்ணை எதுக்குக் கீறிக்கிட்டு?"

"ஆறலயே தோம்லா."

"எனக்கு ஆறிடுச்சு. போய் வேலையப் பாருங்க."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாப்பா என்று சொன்னது அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

அன்று மாலை வேன் கிடைக்கத் தாமதமானது. நிறுத்தத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கேதான் மஸ்தூரா எல்லாவற்றையும் எனக்கு முதன்முதலாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்காமல், என் முன்னாலேயே கைப்பேசியை எடுத்து நமங்கானுக்குப் பேசினாள். முதலில் சுகம் விசாரித்தார்கள். அம்மா எப்படி இருக்காங்க, குளிரு அங்கேயும் இப்படித்தானா என்று. பிறகு மஸ்தூரா தடாலென்று சொன்னாள்.

"நோதிரா, அன்னைக்கு நான் மறக்கல."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. அவள் காதோடு காது வைத்து நான் நின்றதால் எனக்கும் கேட்டது.

"தெரியும்கா. உங்க வீட்டு அடுப்படியில நீங்களே சொல்லுவீங்கன்னு அந்தக் கிண்ணத்தை அவ்வளவு நேரம் தொடச்சிக்கிட்டு நின்னேன்."

மஸ்தூரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறந்துட்டீங்களான்னு நானே எடுத்துக் குடுத்தேன். நீங்களும் வாங்கிக்கிட்டீங்க," என்றாள் நோதிரா. கோபமாகச் சொல்லவில்லை, களைத்த குரல். "சரிக்கா. பம்பு ஓடிக்கிட்டிருக்கு, நான் போகணும். அப்புறம் பேசறேன்."

அந்த அப்புறம் வரவில்லை. மஸ்தூரா இரண்டொரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நோதிரா மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கத் தனக்கு என்ன உரிமை என்று ஒருநாள் கேட்டாள். அந்த அறையில் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. நான் நோதிராவிடம் அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல் பேசியதில்லை.

இந்த வருஷம் வசந்தப் பண்டிகையான நவ்ரூஸுக்கு முந்தின நாள் காலை மஸ்தூரா வேனில் ஏறியதும் கைப்பேசியை என் மடியில் வைத்தாள். நோதிராவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. துலிப் பூக்கள், கீழே பண்டிகை வாழ்த்து. அவள் எழுதியது ஒரு எழுத்துக்கூட இல்லை.

"எல்லாருக்கும் அனுப்புறதுதானே இது? உனக்கும் வந்துச்சா மொஹிரா?"

அதே பூக்கள் விடியற்காலையிலேயே என் கைப்பேசிக்கும் வந்திருந்தன. அது என் பைக்குள் இருந்தது.

"எனக்கு வரலையே," என்றேன்.

அவள் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நம்பினாளா இல்லையா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. வேன் நிறையட்டும் என்று ஓட்டுநர் இன்னும் இரண்டு பேருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.